கறியமுது

'கறி' என்ற சொல் இன்று இடத்திற்கு இடம் பொருள் மாறுகிறது. செங்கற்பட்டுக் கடைவீதியில் கறிக்கடை என்றால் இறைச்சிக் கடை. மாமல்லபுரத்தின் கடற்கரை உணவகங்களில் அது வெளிநாட்டுப் பயணிகள் விரும்பும் மசாலாக் குழம்பு. அதே ஊரில் கோயில் கொண்டுள்ள தலசயனப் பெருமாளைத் தொழும் வைணவ இல்லங்களிலோ, கறியமுது என்பது காய்களைப் பக்குவம் செய்து படைப்பதாகும்.

'கறித்தல்' என்பதற்குக் கடித்துத் தின்னுதல் என்று பொருள். சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகையும் குறித்தது. யவனர்களின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து, கறியோடு திரும்பியதை அகநானூறு கூறுகிறது. 'மிளகு' என்ற சொல் நிலைபெற்றபின், கறி சோற்றுக்குத் துணையாகும் பதார்த்தத்திற்கு உரியதாயிற்று.

இதற்குக் கோயில் கல்வெட்டுகளே சான்று. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியன் வரகுணனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, இறைவனின் நிவேதனத்தில் காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்பவற்றோடு கறியமுதும் இடம்பெறுகிறது. இறைவனுக்கு ஆகும் பொருள் எதுவாயினும் அதை 'அமுது' என்று சேர்த்துச் சொல்வது நம் முன்னோர் மரபு.

பின்னர் இச்சொல் கடல் கடந்தது. போர்ச்சுகீசியர் அதனைக் 'கரில்' என்றனர். 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூலில் 'கறி' செய்யும் முறை அச்சேறியது. தமிழகத்திலோ ஆட்டுக்கறி, கோழிக்கறி என அடையோடு வழங்கியது, நாளடைவில் அடை நீங்கி, வெறும் 'கறி' என்றாலே இறைச்சி எனும் அளவுக்குக் குறுகியது. இலங்கைத் தமிழர் இல்லங்களில் கத்தரிக்காய்க் கறியும் வாழைக்காய்க் கறியும் இன்றும் பழைய பொருளிலேயே வழங்குகின்றன.

சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் பல இச்சொல்லைக் கூசி ஒதுக்கிவிட்டன. 'பொரியல்' என்று மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, நாளை ஆலயச் சுவரில் 'கறியமுது' என்று படித்தால் என்ன நினைக்கும்? இறைவனுக்கு இறைச்சி படைத்தார்கள் என்றன்றோ மயங்கும்!

காய்கறி, கறிவேப்பிலை ஆகிய சொற்களில் பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. இலையில் காயைப் பரிமாறும்போது 'கறியமுது' என்று ஒருமுறை சொல்லிப் பரிமாறுவோம். கல்வெட்டின் பொருள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விளங்கிவிடும்.