சதுரகிரியில் மண் பார்த்தோம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கம் சதுரகிரி போகாத வீடு குறைவு. ஆடி அமாவாசைக்கு வேனில் ஆள் சேர்த்துப் போவதும், மகாலிங்கத்தைக் கும்பிட்டு இறங்கி வந்து இரண்டு நாள் காலுக்குத் தைலம் தேய்ப்பதும் நம்ம வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மானாவாரி வெள்ளாமை செய்கிற ஒருவர் அந்த மலையை ஒரு நாளாவது மண் பார்ப்பதற்கென்றே ஏற வேண்டும் என்பது என் கருத்து.

கடந்த தை மாதம் பௌர்ணமியை ஒட்டி அப்படித்தான் ஏறினோம். கூட வந்தவர் என் பள்ளிக்கூடத் தோழர். திருச்சுழிப் பக்கம் ஏழு ஏக்கர் கரிசல் வைத்திருக்கிறார். அவர் தோட்டத்தில் 600 அடி போர் ஒன்று உண்டு. வருகிற தண்ணீர் உவர், அதுவும் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். திருப்பூரில் இருக்கிற மகன், ‘ஆயிரம் அடி போட்டுருவோம்ப்பா, பணம் நான் அனுப்புறேன்’ என்கிறான். மோட்டாரோடு சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். ‘போடவா, வேண்டாமா’ என்று இரண்டு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். வங்கியில் இருந்த காலத்தில் கிணறு வெட்ட, ஆழப்படுத்த, போர் போட என்று நான் பார்த்த விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. நம்ம மாவட்டத்தில் பெரும்பகுதி அடியில் கடும்பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. ஆழம் கூடக்கூட வெடிப்பு குறையும், செலவு மட்டும் கூடும். இதை வாயால் சொன்னால் அவர் கேட்கிற ஆள் இல்லை. ‘வாங்க, மலைக்குப் போயிட்டு வருவோம்’ என்று கூப்பிட்டேன்.

விடியுமுன் கிளம்பி, விருதுநகர், வத்திராயிருப்பு, மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறை போய்ச் சேர்ந்தோம். வத்திராயிருப்பைத் தாண்டியதுமே நண்பர் பேச்சைக் குறைத்துவிட்டார். தென்னை, மா, நெல் என்று எங்கே பார்த்தாலும் பச்சை. நம்ம ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான், ஆனால் வேறு நாடு மாதிரி இருக்கும்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனை. பிளாஸ்டிக் பை, தீப்பெட்டி எதுவும் கொண்டுபோக விடமாட்டார்கள். இந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. ஆகவே கெடுபிடி கூடுதல். அது நல்லதுதான்.

வழுக்குப்பாறை தாண்டி, சங்கிலிப்பாறைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்தோம். மூச்சு வாங்கத்தான் உட்கார்ந்தது, ஆனால் நான் அவரைக் கூட்டிவந்த காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. பாதை லட்சக்கணக்கான கால்கள் மிதித்து இறுகிக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் அதில் வாய்க்கால் மாதிரி அரித்துக்கொண்டு போயிருக்கிறது. மரத்தின் வேரெல்லாம் வெளியே நரம்பு மாதிரித் தெரிகிறது. பாதையிலிருந்து இரண்டடி தள்ளிக் கையை வைத்தால் கை உள்ளே போகிறது. மேலே காய்ந்த இலை, அதற்குக் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே கறுப்பாக, ஈரமாக, மழை வாசனையோடு மக்கு. கடைசி மழை பெய்து வாரங்கள் ஆகிவிட்டன. ஒரே மலை, ஒரே மழை, ஒரே மண். இரண்டடியில் இவ்வளவு வித்தியாசம்.

நண்பர் அந்த மண்ணைப் பிடித்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். அப்புறம் எடுத்த இடத்திலேயே பத்திரமாக மூடி வைத்தார். ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

“மாப்ள, இங்க மேகம் வந்து மலையில முட்டிக் கொட்டுது. நம்ம ஊர்ல எதுல முட்டும்? தண்ணி டேங்க்லயா?”

கேள்வி நியாயமானது. மலையில் மழை கூடுதல், அதை மறைத்துப் பேசுவது ஏமாற்று. ஆனால் நமக்குப் பெய்கிற மழைக்கு யாராவது கணக்குப் போட்டதுண்டா? ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 4,000 லிட்டர் தண்ணீர். நம்ம பக்கம் நல்ல வருடத்தில் சுமாராக 800 மில்லிமீட்டர் பெய்கிறது. ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர். அவருடைய ஏழு ஏக்கருக்கு இரண்டு கோடி லிட்டருக்கு மேல். அந்தத் திருப்பத்திலேயே உட்கார்ந்து விரல் விட்டுச் சொன்னேன். “இவ்வளவா? எங்க போகுது?” என்றார். பாதையைக் காட்டினேன்.

கரிசலின் குணம் நமக்குத் தெரியும். கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்பில் ஆழமாக இறங்கும். ஆனால் மண் நனைந்து உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன் பிறகு விழுகிற மழை உள்ளே போவது மிக மெதுவாகத்தான். மேல்மண் வெறுமையாகக் கிடந்தால், மழைத்துளி நேராக அடித்து மண்ணைக் குழம்பாக்கி, அந்தக் குழம்பே துவாரத்தை அடைத்துவிடும். மிச்சத் தண்ணீர் கறுப்புக் குழம்பாக ஓடைக்குப் போகிறது. கூடவே நாம் போட்ட எருவும் போகிறது. மேலே தட்டையோ இலையோ கிடந்தால் துளியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். மண்ணுக்குக் குடிக்க நேரம் கிடைக்கும். மழை விட்ட பிறகு வெயில் ஈரத்தை உறிஞ்சுவதும் குறையும்.

காட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மிகைப்படுத்தக் கூடாது. 2015 மே மாதம் இதே மலையில் கோடை மழையில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். செங்குத்தான பாறைச் சரிவில் ஒரே நேரத்தில் கொட்டினால் எந்தக் காடும் முழுவதையும் பிடித்து வைக்காது. ஆனால் மழை முடிந்து பல வாரங்கள் கழித்தும் ஓடையில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஓடுகிறதே, அது இலைமக்கும் வேரும் பாறை இடுக்கும் சேர்ந்து பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற தண்ணீர்.

இரட்டை லிங்கம் தாண்டிச் சின்னப் பசுக்கிடை, அதற்கு மேலே பெரிய பசுக்கிடை என்று இரண்டு இடங்கள். பேரைக் கேட்டதும் நண்பருக்கு முகம் மாறிவிட்டது. அவர் அப்பா காலத்தில் அறுப்பு முடிந்ததும் கிடை மாடு வரும். புலிக்குளம் மாடுகள், நூறு இருநூறு உருப்படி. இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, தானியமும் பணமும் கொடுத்துப் புஞ்சையில் அடைப்பார்கள். சாணமும் கோமியமும் நேராக மண்ணில் விழும். வண்டி வாடகை இல்லை, ஆள் கூலி இல்லை. “கிடை போட்ட புஞ்சையில கம்பு ஆள் மறையுற உசரம் நிக்கும்” என்றார்.

மாடுகள் குறைந்ததற்குக் காரணம் பல. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது, கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் அடைத்துவிட்டது, மேய்க்க இளவட்டம் வருவதில்லை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. மேற்கு மலையோரம் மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய அடி. காட்டை மிதிபடாமல் காக்க வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன், பாதையோரம் பார்த்ததே சாட்சி. ஆனால் அந்த மாடுகளுக்கு மாற்று மேய்ச்சல் இடத்தை யாரும் காட்டவில்லை. புறம்போக்கையும் கண்மாய்ப் புறத்தையும் கருவேலம் நீக்கிக் கிடைமாட்டுக்கு ஒதுக்கச் சொல்லி நம் இயக்கம் ஊராட்சி ஊராட்சியாகக் கேட்க வேண்டும். மாடு போனால் நஷ்டம் மாட்டுக்காரருக்கு மட்டுமில்லை, கரிசலுக்கும்தான்.

சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் இரண்டு சந்நிதியிலும் கும்பிட்டோம். வாழை இலையில் கட்டி வந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, சொன்ன நேரத்துக்குள் இறங்க ஆரம்பித்தோம். இறங்கும் வழியில் மரம் விலகின ஓர் இடத்தில் கிழக்கே சமவெளி தெரிந்தது. கண்மாய்கள் வெயிலில் தகரம் மாதிரி மின்னின.

“இந்தத் தண்ணியில நமக்கு ஒரு சொட்டாவது வருமா?” என்று கேட்டார் நண்பர். வராது. இந்தச் சரிவின் தண்ணீர் அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. நமக்கு உரியது குண்டாறு. அதுவும் இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில்தான் பிறக்கிறது, ஆனால் திருச்சுழிக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் மணலும் கருவேலமும்தான். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய். வரட்டும், வந்தால் சந்தோஷம். அதுவரை நம்ம புஞ்சையில் விழுகிற இரண்டு கோடி லிட்டருக்கு நாம்தான் பொறுப்பு.

அடிவாரம் வரும்வரை பேச்சு மூடாக்கைப் பற்றித்தான். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து வெளியே வந்த நம்மாழ்வார் ஐயா மூடாக்கைப் பற்றி ஊர் ஊராகச் சொன்னார். நம்ம பக்கம் உள்ள சிக்கல், போர்த்துவதற்குப் பொருள் எங்கே என்பது. சோளத் தட்டையும் கம்பந்தட்டையும் மாட்டுக்கு வேண்டும். பருத்தி மாரை அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள், இல்லாவிட்டால் கொளுத்துகிறார்கள். என் அனுபவத்தில் பருத்தி மாரை நறுக்கி அங்கேயே போடுவது முதல் வேலை. இரண்டாவது கொளுஞ்சி. தரிசில் தானாகவே முளைக்கிற செடி, ஆடு மாடு அதிகம் கடிப்பதில்லை, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து வைக்கும். கோடை மழைக்கு விதைத்துவிட்டால் விதைப்புக்கு முன்னால் மடக்கி உழலாம், அல்லது அறுத்து மேலே பரப்பலாம். விதைத்தோல் கெட்டி, அதனால் மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைக்க வேண்டும். வரப்பில் ஆவாரை. சரிவுக்குக் குறுக்கே உழவு.

போவதாக இருந்தால் அனுமதி நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். ஓடையில் தண்ணீர் பார்க்கத் தை, மாசி நல்லது. மழை மூடினால் ஏற வேண்டாம். இலை, விதை, மண் எதையும் எடுத்து வராதீர்கள்.

நண்பர் போர் போடுவதை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார். மகன் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, புஞ்சையின் பள்ளமான மூலையில் 60-க்கு 40 அடி, ஆறடி ஆழத்தில் பண்ணைக் குட்டை வெட்டியிருக்கிறார். சரிவான கரை போக மூன்று லட்சம் லிட்டர் கொள்ளும். களி மண் என்பதால் அடியில் தாள் விரிக்கவில்லை. சித்திரை மழைக்கு இரண்டு ஏக்கரில் கொளுஞ்சி விதைத்தார், பாதிதான் முளைத்தது. மகனுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. வாரம் ஒரு தடவை போன் போட்டு, ‘குட்டையில தண்ணி நிக்குதா?’ என்று கேட்கிறானாம். “ஐப்பசி வரட்டும்டா” என்று சொல்லி வைத்திருக்கிறார்.