ரேழியில் ஒரு மோடம்

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணற்றடி என்று ரயில்பெட்டிகளைக் கோத்த மாதிரி நீளமாகப் போகும். தெருக் கம்பத்திலிருந்து வரும் டெலிபோன் வயர் திண்ணைத் தூணைத் தொட்டு, ரேழிச் சுவரில் வந்து முடியும். ஆகவே மோடமும் ரேழியில். எனக்கு வேலை புத்தகங்களுக்கு டி.டி.பி., லே-அவுட். கம்ப்யூட்டரும் பிரின்டரும் இரண்டாம் கட்டில் இருக்கின்றன. நடுவே ஒன்றரை அடி கனத்தில் மூன்று சுண்ணாம்புச் சுவர். மோடத்தின் வைஃபை முற்றத்துத் துளசி மாடம் வரை வரும், அதைத் தாண்டாது. சிவகாசி அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப வேண்டிய நாளெல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரேழியில் வந்து உட்காருவேன். வாசலில் போகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டேதான் வேலை.

இது ஃபைபர் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முந்தைய கதை. ஆனால் செம்புக் கம்பியில் டி.எஸ்.எல். வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் சொல்லப்போகிற சங்கதி ஃபைபர் பெட்டியிலும் வருகிறது.

ஒரு ரவுட்டர் வாங்கினேன். தாழ்வாரத்து ஓரமாக ஆணியடித்து 25 மீட்டர் லேன் கேபிள் இழுத்து, ஒரு முனையை மோடத்திலும் மறுமுனையை இரண்டாம் கட்டில் வைத்த ரவுட்டரிலும் செருகினேன். வைஃபை முழுசாகக் காட்டியது, இன்டர்நெட் மட்டும் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, ரெண்டு பெட்டிக்கும் ஒரே கதவு எண் இருக்கும். 192.168.1.1. அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க."

பார்த்தேன். இரண்டிலும் அதேதான். அவன் சொன்னபடி ரவுட்டரின் எண்ணை 192.168.5.1 என்று மாற்றினேன், இன்டர்நெட் வந்துவிட்டது. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் கூடத்திலிருந்து என் கணவர் கரன்ட் பில் ரசீதுக்குப் பிரின்ட் கொடுத்தார். பிரின்டரே இல்லை என்றது லேப்டாப். அவர் இருந்தது மோடத்தின் வைஃபையில், பிரின்டர் இருந்தது ரவுட்டரின் வைஃபையில். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், நடுவில் ஒரு கதவு, அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திறக்கிறது.

"பேசாம மோடத்தை பிரிட்ஜ்ல போட்ருங்க அத்தை" என்றான்.

காவிரிப் பாலமும் அரசலாற்றுப் பாலமும் பார்த்து வளர்ந்தவள் நான். இது என்ன பாலம் என்று புரிய எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

மோடம் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் காது. செம்புக் கம்பியில் வரும் அலைகளைக் கேட்டு, கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றுவார், அங்கிருந்து போவதை அலையாக்கி அனுப்புவார். மோடம் என்ற பெயரே இந்த ஏற்ற இறக்க வேலையைக் குறிக்கிற இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டியதுதான். நம் பேச்சுக்கு டெலிபோன் எடுத்துக்கொள்வது 4,000 ஹெர்ட்ஸுக்குள். டி.எஸ்.எல். அதற்கு மேலே ஏறிக்கொள்கிறது. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்றால் ஏறக்குறைய 25,000 ஹெர்ட்ஸில் தொடங்கி 22 லட்சம் ஹெர்ட்ஸ் வரை போகிறது. ஒரே கம்பியில் கீழே பேச்சு, மேலே இன்டர்நெட். இரண்டும் கலக்காமல் பிரிக்கத்தான் ஸ்பிளிட்டர் என்ற அந்தச் சின்ன டப்பா.

அந்த மேல்தளத்திலும் பெரும்பங்கு நமக்கு வருவதற்கு, சின்னப் பங்குதான் நாம் அனுப்புவதற்கு. இப்படிச் சமமில்லாமல் பிரிக்கலாம் என்று சொன்னவர் அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த ஜோசப் லெச்லைடர். எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள் ஒரே கட்டாக வரும்போது ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கசியும். அதைக் குறைக்க அவர் கண்ட வழி அது. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் 40 எம்.பி. அட்டைப்படத்தை 512 கே.பி.பி.எஸ். வேகத்தில் சிவகாசிக்கு ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தடவையும் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் வந்ததுண்டு.

பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது ஆள், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இன்டர்நெட் கம்பெனியிடம் உள்ளே நுழைகிறவர் அவர்தான். இதற்குப் பி.பி.பி.ஓ.இ. என்று பெயர். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் உள் எண் கொடுப்பார். உள்ளேயிருந்து போகும் எல்லாவற்றுக்கும் வீட்டின் ஒரே வெளிமுகவரியைப் போட்டு அனுப்புவார். பதில் வந்தால் "இது யாருக்கு?" என்று பார்த்து உரியவரிடம் சேர்ப்பார். ரவுட்டர் என்பது இந்தத் தாத்தாதான். நான் புதிதாக ஒரு ரவுட்டர் வாங்கியதும் இரண்டாம் கட்டில் இன்னொரு தாத்தா வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் இவரிடம் அனுமதி கேட்டு, இவர் வெளியே கேட்டு.

பிரிட்ஜ் என்றால் திண்ணைத் தாத்தாவை எழுப்பி உள்ளே அனுப்புவது. மோடத்துக்குக் காது வேலை மட்டும் மிச்சம். கம்பியில் வந்ததை அப்படியே கேபிளில் விடும், யாரையும் எதுவும் கேட்காது. ரேழி மாதிரி, வெறும் நடைபாதை.

இதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மோடத்தைத் தொடாமல், புது ரவுட்டரை அக்ஸஸ் பாயின்ட் முறையில் போட்டால் அது வைஃபையை நீட்டிக்கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும். குடித்தனம் ஒன்றாகிவிடும். பலருக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை. என் மோடம் பழசு. ஐந்தாறு சாதனம் சேர்ந்ததும் தாத்தாவுக்கு மூச்சு வாங்கி, பெட்டி உறைந்து நிற்கும், அணைத்துப் போட வேண்டும். நெட் நிற்கும்போதெல்லாம் கம்பியிலா, பெட்டியிலா, கம்பெனியிலா என்று தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். பிரிட்ஜ் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கம்பியின் வேகம் கம்பியின் வேகம்தான். பழி யார்மேல் என்று தெரியும், அவ்வளவுதான். அதற்காகவே போடலாம் என்பது என் கட்சி.

போடுவதற்கு முன்னால் பிரவுசரில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, இருக்கிற அமைப்பையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு எண்கள் இருக்கும். என்னுடையதில் 0, 35. இடத்துக்கு இடம் இது மாறும். உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இது தப்பாகிவிட்டால் எதுவும் வேலை செய்யாது. பி.பி.பி.ஓ.இ. பாஸ்வேர்டு அங்கே புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும். நான் அது இல்லாமல் ஆரம்பித்து, பாதியில் நின்று, டெலிபோன் அலுவலகத்துக்குப் போய்ப் புதுசாகக் கேட்டு வாங்கி வந்தேன். முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேலை சின்னதுதான். வி.பி.ஐ., வி.சி.ஐ. அப்படியே இருக்க, இணைப்பு வகையைப் பி.பி.பி.ஓ.இ.யிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றினேன். மோடத்தின் வைஃபையை நிறுத்தினேன். உள் எண் கொடுக்கும் டி.எச்.சி.பி.யையும் நிறுத்தினேன், சேமித்தேன். ரவுட்டரில் இணைப்பு வகை பி.பி.பி.ஓ.இ. என்று வைத்து யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தேன். கேபிளின் மோடம் முனை எந்த லேன் ஓட்டையில் இருந்தாலும் சரி, ரவுட்டர் முனை மட்டும் தனி நிறத்தில் தள்ளி இருக்கும் வேன் (WAN) ஓட்டையில் இருக்க வேண்டும். மோடத்தை முதலில் போட்டு, டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்ததும் ரவுட்டரைப் போட்டேன்.

வரவில்லை.

யூசர்நேம் சரி, ஓட்டை சரி. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். அண்ணன் மகன் சிரித்தான். "அவசரப்படாதீங்க. பழைய மோடம் உள்ளே இருக்கிறதாவே கம்பெனி கம்ப்யூட்டர் நினைச்சுக்கிட்டிருக்கும். ஒரு ஆளுக்கு மேல விடாது. காபி போட்டுக் குடிச்சிட்டு வாங்க." டிகாஷன் இறங்கி, பால் காய்ச்சி, குடித்துவிட்டு வந்தேன். வந்திருந்தது.

அன்று ராத்திரி வேறு ஒரு வினோதம். தேடல் பக்கம் திறக்கிறது, செய்தி திறக்கிறது, வங்கியின் பக்கம் மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கியில் கோளாறு என்றுதான் நினைத்தேன். கோளாறு 8 பைட். கேபிளில் ஒரு தடவைக்குப் போகக்கூடிய பொட்டலம் 1,500 பைட். பி.பி.பி.ஓ.இ. தன் சீட்டை ஒட்ட அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1,492. என் ரவுட்டரில் அது 1,500 என்றே கிடந்தது. சின்னப் பக்கங்கள் தப்பித்துப் போய்விட, பெரிய பொட்டலங்கள் வழியில் விழுந்துகொண்டிருந்தன. எம்.டி.யூ. என்ற இடத்தில் 1,492 என்று மாற்றியதும் வங்கி திறந்தது. சில பக்கம் வந்து சில பக்கம் வராவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

இன்னொன்று. பிரிட்ஜ் போட்டபின் மோடத்தில் இன்டர்நெட் என்று எழுதிய விளக்கு எரியாமல் போகலாம். என்னுடையதில் எரியவே இல்லை. உள்ளே நுழைகிற வேலை அதனிடம் இல்லையே. ஒரு தடவை புகார் எண்ணுக்குப் பேசியபோது எடுத்த பெண்,

"மேடம், இன்டர்நெட் லைட் எரியுதா?" என்றாள்.

"எரியாதும்மா, பிரிட்ஜ்ல இருக்கு."

"லைட் எரியணும் மேடம். மோடம் ரிப்பேர்னு எழுதிக்கட்டுமா?"

அதோடு வீட்டுக்குள்ளேயிருந்து மோடத்தின் பக்கத்தையும் இனிச் சாதாரணமாகத் திறக்க முடியாது. லேப்டாப்பை கேபிளில் நேராக மோடத்தோடு மாட்டி, வைஃபையை அணைத்து, லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.2 என்று எண் கொடுத்தால் திறக்கும். இதை ஒரு சீட்டில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து வேண்டியிருக்கும்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் அந்த ஒரு வேலைக்குத் தவிர லேப்டாப்பை மோடத்தில் நேராகச் செருகி நெட்டுக்குப் போகாதீர்கள். தாத்தா இல்லாத திண்ணை அது.

ஐப்பசி மழையில்தான் இதற்கெல்லாம் பலன் தெரிந்தது. சாயங்காலம் மழை பிடித்தால் நெட் நிற்கும், காலையில் வெயில் வந்தால் வரும். முன்பு என்றால் பெட்டிகளை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது ரவுட்டர் நல்லபடி இருந்தது, ரேழியில் டி.எஸ்.எல். விளக்கு மட்டும் சிமிட்டியது. சீட்டைப் பார்த்து மோடத்தின் பக்கத்தைத் திறந்தேன். எஸ்.என்.ஆர். மார்ஜின் என்று ஒரு எண் இருக்கும், இணைப்புக்கு வேண்டியதைவிட நம் அலை இரைச்சலுக்கு மேலே எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்பதற்கு. வெயிலில் 14 டெசிபல் இருந்தது மழையில் 4, 3. இது 6க்குக் கீழே போனால் இணைப்பு அறுபடாமல் இருப்பதே பெரிய காரியம். டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தேன். கரகரவென்று யாரோ அப்பளம் நொறுக்குகிற சத்தம்.

லைன்மேன் தம்பி மறுநாள் வந்தார். இன்டர்நெட் விளக்கைப் பார்த்து அவரும் வாயைத் திறந்தார்.

"அக்கா, இந்த லைட்டு..."

"அது எரியாது தம்பி. போனை எடுத்துக் காதுல வைங்க."

வைத்தார். ஒன்றும் பேசாமல் ஏணியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். தூணின் மேலே, ஓடு இறங்குகிற இடத்தில், என்றைக்கோ யாரோ இரண்டு வயரை வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு முழுக்கப் பச்சை. களிம்பு. பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் இது, களிம்பைப் பார்த்தால் எங்களுக்குப் புளியைத் தேடிக் கை போகும். அவர் அந்தத் துண்டையே வெட்டி எறிந்தார். புது வயரைச் சேர்த்து, உள்ளே பசை வைத்த கனெக்டரில் அமுக்கி, தண்ணீர் உள்ளே போகாமல் வயரை ஒரு தொங்கல் விட்டுக் கட்டினார். மார்ஜின் 15 காட்டியது. அந்த வருஷ மழைக்கு நெட் நிற்கவில்லை.

போன வருஷம் ஃபைபர் வந்தது. ரேழியில் அதே ஆணியில் வேறு பெட்டி. அதையும் பிரிட்ஜில் போடச் சொல்லி அதே லைன்மேன் தம்பியைக் கேட்டேன். "வி-லேன்னு ஒரு நம்பர் இருக்கு, அதை மாத்தக்கூடாது. போன் பேசறதுக்குத் தனியா ஒரு வரி இருக்கும், அதைத் தெரியாம அழிச்சிட்டா போன் போயிரும். மத்ததெல்லாம் பழசு மாதிரிதான்க்கா" என்றார். போய்விட்டு வாசற்படியிலிருந்து திரும்பி வந்தார்.

"அக்கா, மோடத்துக்கு அடியில ஒட்டினீங்களே ஒரு சீட்டு, அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு எழுதி ஒட்டிருங்க."