ஒரே லோடில் எல்லாம் வேண்டாம்: வீடு கட்டும்போது பொருள் வீணாவது எங்கே?

'சிமென்ட் விலை ஏறிடும், மொத்தமா இறக்கிப் போட்டுடுங்கண்ணே' - வீடு கட்ட வானம் தோண்டியதுமே காதில் விழும் யோசனை இது. திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களிலும் வாசலில் மூட்டையும் ஜல்லியும் மொத்தமாக வந்து இறங்குவது வழக்கம்தான். ஆனால், மிச்சம் பிடிக்க நினைத்து வாங்கிய பொருளே பல நேரங்களில் நஷ்டத்துக்கு வழி வைக்கிறது.

யாருக்குப் பாதிப்பு அதிகம்?

குடிசை இல்லாத தமிழகம் என்ற இலக்கோடு 2024-ல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். இந்தத் தொகை மாறாது. அதனால் பத்து மூட்டை சிமென்ட் இறுகிப்போனால், அந்தப் பணத்தை குடும்பம்தான் கடன் வாங்கிப் போட வேண்டும்.

எது முதலில், எது கடைசியில்?

திண்டுக்கல் மாவட்டத்தின் கரிக்காலியிலேயே சிமென்ட் ஆலை இருக்கிறது. ஆக, இங்கே தூரம் பிரச்சினை இல்லை. பொருள் எந்த நாளில் வந்து இறங்குகிறது என்பதே பிரச்சினை.

சிமென்ட் ஈரம் இழுக்கும். மூன்று மாதம் கிடந்தால் அதன் வலிமை சுமார் 20 சதவீதம் குறையக்கூடும் என்பது பொறியாளர்கள் சொல்லும் கணக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் கவனம் தேவை. மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரில் இருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, பத்து வரிசைக்கு மேல் போகாமல் அடுக்க வேண்டும். பழைய மூட்டையை முதலில் எடுக்க வேண்டும்.

ஜல்லி கெடாது, ஆனால் திடீரென்று கிடைக்காமல் போகும். 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்து குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பல இடங்களில் கட்டுமான வேலை தடுமாறியது. எனவே ஜல்லி, எம்.சாண்டை ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பதில் தவறில்லை. வெறும் மண்ணில் கொட்டாமல், தார்ப்பாய் விரித்துக் கொட்டினால் அடியில் ஒரு சாண் மணல் மண்ணோடு போகாது.

எவ்வளவு வாங்குவது?

சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட் என்பது தோராயக் கணக்கு. 360 சதுர அடிக்கு 144 மூட்டை வரும். ஆனால் இவ்வளவும் ஒரே நாளில் தேவைப்படாது. 300 சதுர அடி கூரையை 5 அங்குல கனத்தில், 1:1½:3 கலவையில் போட்டால், பீம் தவிர்த்து கான்கிரீட் 125 கன அடி. அதற்கு சிமென்ட் சுமார் 28 மூட்டை, எம்.சாண்ட் அரை யூனிட், ஜல்லி ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். இப்படி அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பிரித்தால் ஆர்டரும் தானாகப் பிரிந்துவிடும். திட்டப் பணமும் தவணைகளாகத்தான் வருகிறது என்பதால் கைக்கும் இது சுலபம்.

கம்பியில் வீணாவது வெட்டுமிடத்தில். ஒரு கம்பி 12 மீட்டர். மூன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் மூன்று கிடைக்கும். ஒன்றரை மீட்டர் மிஞ்சும். 12 மி.மீ. கம்பியில் இது 1.33 கிலோ. நாற்பது கம்பிக்கு 53 கிலோ! வேறு இடத்தில் 5 மீட்டர் துண்டு தேவைப்பட்டால், மூன்றரையில் இரண்டு, ஐந்தில் ஒன்று என வெட்டலாம், மிச்சமே இருக்காது. வெட்டுவதற்கு முன் நீளங்களைத் தாளில் எழுதிப் பார்த்தாலே போதும்.

ஆள் சும்மா நிற்பதும் வீண்தான்

சென்டரிங் அடித்தாச்சு, ஜல்லி லோடு வரல என்றால் கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் அன்றைய நாள் போச்சு. மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால் திரும்பி வர ஒரு வாரம்கூட ஆகலாம்.

பெரிய நிறுவனங்கள் இதற்கு 'லீன்' முறையைக் கையாள்கின்றன. டொயோட்டா கார் ஆலையின் உற்பத்தி முறையிலிருந்து வளர்ந்த யோசனை இது. இதற்கான சர்வதேச மாநாடு 2018-ல் சென்னையில் நடந்தது. இதன் சாரம் எளிது: பொருள், ஆள், வரைபடம் மூன்றும் தயாரென்று உறுதியான வேலையை மட்டுமே அடுத்த வாரத்துக்கு ஒப்புக்கொள்வது.

ஆத்தூரில் வீடு கட்டுபவரும் இதைச் செய்யலாம். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது மேஸ்திரியிடம் மூன்று கேள்வி: அடுத்த வாரம் என்ன வேலை? அதற்கு எவ்வளவு பொருள்? இதுவரை வந்ததில் எவ்வளவு மிச்சம்? பதிலை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, அதைப் பார்த்து கடைக்கு போன் போட்டால் போதும்.

கட்டுமானக் கழிவு குறித்த மத்திய அரசின் புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவிக்கப்பட்டவை. அதில் உற்பத்தியாளர் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டிடங்களுக்கே. 360 சதுர அடி வீட்டில் எது வீணாகிறது என்று பார்க்க, அந்த நோட்டு வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.