பூட்டுப் போடும் பாசம்

மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திராவைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘அழியாத கோலங்கள்’, ‘மூன்றாம் பிறை’, ‘வீடு’ என்றுதான் நம்மவர்கள் தொடங்குவார்கள். மென்மையான படங்களை எடுத்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. ஆனால் ஒருவர் இன்னொருவரைத் தன் கூரைக்குள் வைத்துப் பாசத்தின் பேரால் அடக்கி ஆளப் பார்க்கும் கதையை அவர் இரண்டு தடவை படமாக்கியிருக்கிறார்: 1980இல் ‘மூடுபனி’, 2003இல் ‘ஜூலி கணபதி’. அறைத்தோழி ஒருத்தியின் வெறியைச் சொல்லும் ஹொலிவூட் திகில் படங்களுக்குப் பக்கத்தில் இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால், இந்த வகைப் படங்கள் ஏன் நம்மை உலுக்குகின்றன என்பது விளங்கும். வெறிபிடித்த பாத்திரத்தின் மனநோய்தான் பயம் தருகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டவருக்கும் வெளியுலகத்துக்கும் இடையிலுள்ள தொடர்புகள் ஒவ்வொன்றாக அறுக்கப்படுகின்றனவே, பயம் அங்கேதான் பிறக்கிறது.

ஹொலிவூட்டில் இதற்கு இலக்கணமாகச் சொல்லப்படுவது பார்பே ஷ்ரோடர் 1992இல் இயக்கிய ‘சிங்கிள் வைட் பீமேல்’. ஜோன் லட்ஸ் 1990இல் வெளியிட்ட நாவல்தான் அதன் மூலம். காதலனைப் பிரிந்த அலி, நியூயோர்க்கில் தன் வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடி விளம்பரம் கொடுக்கிறாள். வந்து சேர்பவள் ஹெடி. கூச்சமும் பணிவுமான பெண். வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியும் கொண்டுவருகிறாள். பிறகு அலியின் உடுப்பைப் போடுகிறாள், அவளைப் போலவே தலைமயிரை வெட்டிச் சாயமும் பூசிக்கொள்கிறாள். எல்லோருக்கும் நினைவில் நிற்பது இந்தத் தலைமயிர்க் காட்சிதான். அதைவிடக் கனமான ஒன்று படத்தில் சத்தமில்லாமல் கடந்துபோகிறது: மன்னிப்புக் கேட்டுக் காதலன் எழுதிய கடிதம் அலியின் கைக்குப் போகாமல் ஹெடியின் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கிறது. கத்தியும் இரத்தமும் கடைசி அரை மணித்தியாலத்துக்குத்தான். தீங்கு நடந்து முடிந்தது அந்தக் கடிதம் ஒளிக்கப்பட்ட அன்றைக்கே. கடைசித் துரத்தல் எல்லாத் திகில் படங்களிலும் உள்ளதுதான். அதில் இந்தப் படத்துக்கென்று தனிச்சிறப்பு ஏதுமில்லை.

பாலு மகேந்திரா இந்தச் சுற்றுவழியை விட்டு நேரே பூட்டுக்குப் போகிறார். ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய ‘மூடுபனி’யில் சந்துரு (பிரதாப் போத்தன்), ரேகாவை (ஷோபா) ஊட்டியில் ஓர் ஒதுக்குப்புறமான வீட்டுக்குக் கடத்திப்போகிறான். அங்கே அவளைத் துன்புறுத்துவதில்லை. கிட்டார் வாசிக்கிறான், யேசுதாஸின் குரலில் பாடுகிறான், பணிவாகப் பேசுகிறான். அந்தப் பணிவுதான் நம்மை நடுங்கவைக்கிறது. ஒளிப்பதிவும் இயக்குநருடையதே என்பதால், வெளியே பனி இறங்க இறங்க வீடு சுருங்கிக்கொண்டே வருவதுபோன்ற உணர்வைக் கமராவே தந்துவிடுகிறது. ‘ஜூலி கணபதி’ ஸ்டீவன் கிங்கின் ‘மிசரி’யை அடியொற்றியது. விபத்தில் காயப்பட்ட தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளரை (ஜெயராம்) அவருடைய தீவிர ரசிகை ஜூலி (சரிதா) காப்பாற்றித் தன் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறாள். பராமரிப்பு சிறையாக மாறுகிறது. இவர்கள் அறைத்தோழர்கள் அல்லவே, ஒருவர் கைதி, மற்றவர் காவல்காரர் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வேறுபாடு வேகத்தில் மட்டுமே. சந்துரு ஒரே நாளில் போடும் பூட்டை ஹெடி பல வாரங்கள் எடுத்துப் போடுகிறாள்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றுண்டு: இந்தப் படங்கள் மனநோயாளிகளைக் கொலைகாரர்களாகக் காட்டுகின்றன என்பது. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. குற்றச்சாட்டு பெரும்பாலும் சரியானது. 2011இல் வந்த ‘தி ரூம்மேட்’ படத்தில் பல்கலைக்கழக மாணவியின் வெறிக்கெல்லாம் விளக்கமாக, அவள் குடிக்காமல் விட்ட மனநோய் மருந்தைக் காட்டி முடித்துக்கொள்கிறார்கள். ‘மூடுபனி’யும் சந்துருவின் கொலைகளுக்குச் சிறுவயதில் அவன் கண்ட தகப்பனின் கொடுமையைக் காரணமாக்கிவிட்டு அவசரமாக நகர்கிறது. மனநோயாளிகள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். போரையும் 2004 சுனாமியையும் கண்ட நம் கரையோரத்தில், உதவி தேடிப் போக வேண்டியவர்களே ‘விசர்’ என்ற பெயருக்குப் பயந்து வீட்டுக்குள் அடங்கிக்கிடக்கிறார்கள். ஆகவே இந்தப் படங்களின் மருத்துவ விளக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்ப்பதே நல்லது. அதைக் கழித்த பிறகும் ‘மூடுபனி’யும் ‘சிங்கிள் வைட் பீமேல்’ படமும் நிற்கின்றன. ‘தி ரூம்மேட்’டில் மிஞ்சுவது குறைவு.

தமிழ்ப் படங்களில் இன்னொரு கோணலும் இருக்கிறது. ‘ஜூலி கணபதி’ வந்த அதே 2003இல்தான் செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’ வந்தது. அதில் வினோத் தான் விரும்பும் பெண்ணை ஏமாற்றிக் காட்டுப்பகுதிக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறான். அரங்கம் அவனுக்காக அழுதது. 1991இன் ‘குணா’வில் கமல் ஒரு பெண்ணைக் கடத்தி ஆளில்லாத மலைப்பகுதியில் வைத்தார், அதைப் புனிதக் காதல் என்றோம். ஜூலி செய்ததும் ஏறத்தாழ அதேதான். அவள் பேயாகிவிட்டாள்! ஆண் பூட்டினால் காதல், பெண் பூட்டினால் விசர் என்ற இந்தக் கணக்கை ‘மூடுபனி’ ஏற்கவில்லை. கதாநாயகனாகக் காட்டாமலே ஓர் ஆணின் பாசத்தை ஆபத்தானதாக 1980இலேயே அது காட்டியது.

குடும்பத்தோடு வாழும் நமக்கு அறைத்தோழி கதை எதற்கு என்று கேட்பவர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் மாங்கேணியிலிருந்து புறப்படும் பஸ்ஸைப் பார்க்கட்டும். படிக்கப் போகும் பிள்ளை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குப் போகிறது. வேலைக்குப் போவது கட்டுநாயக்க வர்த்தக வலயத்துப் போடிங் அறைக்கோ, மத்திய கிழக்குக்கோ போகிறது. முன்பின் அறியாதவர்களோடு ஒரே அறையில் படுத்தெழும்புவது அவர்களுக்குப் புதிதல்ல. அந்த அறைகளில் பெரும்பாலானவற்றில் நல்ல சிநேகிதம்தான் வளர்கிறது. ஆனாலும் பிள்ளையின் தொலைபேசியை வேறொருவர் எடுத்து, ‘அவ நித்திரை’ என்று அடிக்கடி சொன்னால், வீட்டுக்காரர் ஒருதரம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.