ஓதம் ஏறும் சுவருக்கு வண்ணம் மருந்தல்ல

பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு எங்களுடையது. சுவரின் அடியில் ஓதம் ஏறியதால், காரையைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்தோம். அடுத்த மழைக்காலத்திலேயே பெயின்ட் உரிந்தது, உப்பு பூத்தது, ஈரம் முன்னைவிட ஓரடி மேலே நின்றது.

காரணத்தை ஊர்த்தொழிலே விளக்கும். ஒருமுறை சுட்டு, மெருகேற்றாத பீங்கானை நாவில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதன் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுகின்றன. செங்கல்லும் அவ்வாறே தரையின் ஈரத்தை மேலே இழுக்கிறது. சுண்ணாம்புக் காரை அதை ஆவியாக வெளியேறவிடும். சிமென்ட்டும் பெயின்ட்டும் அவ்வழியை அடைப்பதால் ஈரம் மேலும் ஏறுகிறது.

எனவே, முதலில் நீர் வரும் வழியைத் தடுக்க வேண்டும். சுவர் நன்கு உலர்ந்த பின்பே மீண்டும் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த வழி தெருவில் தொடங்கியது. பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, வாசல் பள்ளமாகிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை அமைக்க வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதைப் பின்பற்றாமல் மிச்சப்படுத்தும் பணம், வீட்டுக்காரரின் செலவாக மாறுகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். அடுத்த முறை சாலை போட வரும்போது, சுரண்டினார்களா என்று கேட்பதே சுவருக்கான முதல் சிகிச்சை.