‘ஐ5 கம்ப்யூட்டர்’ என்றால் எந்த ஐ5?

காடாம்புலியூரில் இருக்கும் என் சித்தப்பா 2025 தீபாவளி கழிந்த வாரத்தில் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கினார். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் முந்திரிதான். சித்தப்பாவும் முந்திரிக்கொட்டை வாங்கி, உடைத்து, பருப்பாக விற்பவர். ஜிஎஸ்டி கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அவர் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கிவிட்டார்.

‘ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 19 இஞ்ச் மானிட்டருடன் 14,500 ரூபாய்’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். புதியதல்ல, ‘ரீஃபர்பிஷ்டு’ என்கிற, அலுவலகத்தில் ஓடிக் கழித்த கம்ப்யூட்டர். அதில் தவறு ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களை மொத்தமாக மாற்றும்போது, பழையவை லாட்டாக ஏலம் போய், துடைத்துச் சரிபார்த்து, ஊர் ஊராக விற்பனைக்கு வருகின்றன. நல்லதாகப் பார்த்து எடுத்தால் கொடுத்த காசுக்கு மோசம் போகாது.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது தங்கச்சி, “அண்ணா, இதுல விண்டோஸ் 11 போட்டுக் குடுங்க, ஏற மாட்டேங்குது” என்றாள். விண்டோஸ் 10க்கான இலவச அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதாவது, சித்தப்பா இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியதே அந்தத் தேதிக்கு ஓரிரு வாரங்கள் கழித்துத்தான். மைக்ரோசாப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசப் புரோகிராமை இறக்கி ஓட்டினேன். ‘இந்தப் பிராசசர் விண்டோஸ் 11க்கு ஏற்றதல்ல’ என்று வந்தது.

சித்தப்பா, “அதெப்படிப்பா? ஐ5னு சொல்லித்தானே குடுத்தான்? ஏமாத்திட்டானா?” என்றார்.

ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் சங்கடம். கடைக்காரர் ஐ5 என்றார். உள்ளே இருந்ததும் ஐ5தான்.

பெயர் வேறு, எண் வேறு

இன்டெல் கம்பெனி ‘கோர் ஐ5’ என்ற பெயரை 2009ல் அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு தலைமுறையாகப் புதிய ஐ5 வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் பெயர் ஐ5தான். ‘முருகன்’ என்று மட்டும் சொன்னால் ஊரில் எந்த முருகன் என்று தெரியாதல்லவா, அதுபோல. எந்தத் தலைமுறை என்பதை ஐ5 என்பதற்கு அடுத்து வரும் எண்தான் சொல்லும்.

சித்தப்பா வீட்டில் இருந்தது ஐ5-4570. டெஸ்க்டாப் பிராசசரில் நான்கு இலக்க எண்ணாக இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஆக இது நான்காம் தலைமுறை, 2013ல் வந்தது. ஐ5-8400 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, 2017ல் வந்தது. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: ஐ5-10400 பத்தாம் தலைமுறை, ஐ5-12400 பன்னிரண்டாம் தலைமுறை. இந்த எண் இல்லாமல் ஐ3, ஐ5, ஐ7 என்று மட்டும் யாராவது சொன்னால் அது விலை சொல்வதற்கான பேச்சு, அவ்வளவுதான்.

விண்டோஸ் 11 வேண்டுமானால், ஓரிரு விலக்குகள் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். 2017ல் வந்த ஐ3-8100, 2013ல் வந்த ஐ5-4570ஐவிட வேகமானது. இரண்டிலும் நான்கு கோர்தான். ‘ஐ3 வேண்டாம், ஐ5தான் வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்து, மெதுவான கம்ப்யூட்டரை வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர்.

2023 இறுதியிலிருந்து இன்டெல் புதிய பிராசசர்களில் ‘ஐ’ எழுத்தையே எடுத்துவிட்டு ‘கோர் 5’, ‘கோர் அல்ட்ரா 5’ என்று பெயர் வைக்கத் தொடங்கியது. ஏஎம்டியின் கதை இன்னும் குழப்பம். ரைசன் 5 7520யு என்ற லேப்டாப் பிராசசரில் முதலில் உள்ள 7ஐப் பார்த்து ஏழாம் தலைமுறை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 7 மாடலின் ஆண்டைக் குறிப்பது. உள்ளே எந்தத் தொழில்நுட்பம் என்பதை மூன்றாவது இலக்கமான 2தான் சொல்கிறது. அது ‘ஜென் 2’. 2019ல் வந்த வடிவமைப்பு. வாங்குகிறவருக்குப் புரியக்கூடாது என்றே பெயர் வைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கடையிலேயே இரண்டு நிமிடத்தில் பார்ப்பது எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் சி.பி.யு.வைக் கிளிக் செய்தால், பிராசசரின் முழுப் பெயர் எண்ணுடன் மேலே தெரியும். ‘மெமரி’யைக் கிளிக் செய்தால் எத்தனை ஜிபி ரேம், என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பது தெரியும். ‘டிஸ்க்’கைக் கிளிக் செய்தால் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பதும் மாடலும் தெரியும். விண்டோஸில் தெரியும் பிராசசர் பெயரைத் தில்லுமுல்லு செய்து மாற்ற முடியும் என்பதால், சந்தேகம் இருந்தால் ‘சிபியு-இசட்’ என்ற இலவசப் புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.

‘விண்டோஸ் 11 போட்டே தருகிறோம் சார்’ என்று சொல்வதும் அத்தாட்சி ஆகாது. பரிசோதனையைத் தாண்டி, பழைய பிராசசரிலும் விண்டோஸ் 11ஐ ஏற்றும் வழிகள் இருக்கின்றன. ஓடும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பகுதியைத் திறந்து, விண்டோஸ் லைசென்ஸ் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயது

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் ஆன் ஆகி மவுஸ் நகர இரண்டரை நிமிடம் ஆனது. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவசப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். காருக்குக் கிலோமீட்டர் போல, ஹார்ட் டிஸ்க் தான் ஓடிய மணி நேரத்தைக் குறித்து வைத்திருக்கும். அதில் 31,000 மணி நேரம் என்று இருந்தது. இரவு பகலாக ஓடினாலே மூன்றரை ஆண்டுக்கு மேல். மேலே மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்ற எச்சரிக்கை வேறு. சித்தப்பா மூன்று மாத முந்திரிக் கணக்கை அதில்தான் வைத்திருந்தார், வேறு எங்கும் காப்பி இல்லாமல். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை ஒரு பென் டிரைவில் எடுத்தோம்.

சென்னைக்குத் திரும்பி ரிச்சி தெருவில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறிய தெருவும் அதையொட்டிய சந்துகளும் ரேடியோ உதிரிபாகங்களிலிருந்து வளர்ந்து கம்ப்யூட்டர் சந்தையானவை. அங்கே போகிறவர்களுக்கு ஒன்று: முதல் கடையில் கேட்ட விலைக்கு வாங்காதீர்கள், நான்கு கடையில் கேளுங்கள். விலை மட்டுமல்ல, கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா என்றும் கேளுங்கள். கடை வாரண்டி என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் பஸ் ஏற வேண்டும். பாக்கெட்டில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அங்கேயே நின்று வாரண்டி தேதியைச் சரிபார்த்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போய் எஸ்எஸ்டியை மாட்டியதும் அதே கம்ப்யூட்டர் 25 வினாடியில் தயாரானது. பழைய கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 150 எம்பி படிக்கும். சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் படிக்கும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

மாட்டியதும் சித்தப்பா திரையைப் பார்த்து, “256ன்னு காசு குடுத்தோம், 238ன்னு காட்டுதே, மிச்சம் 18 எங்க?” என்றார். முந்திரியை எடை போட்டுப் பழகிய கண். இதில் மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, சுமார் 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. படி அளவு மாறுகிறதே தவிர சரக்கு குறையவில்லை. இதே கணக்கில்தான் 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 1 டிபி டிஸ்க் 931 என்றும் காட்டும். ஆனால் மிக மலிவான ‘2 டிபி பென் டிரைவ்’ நிஜமான மோசடி. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப்பை வைத்து 2 டிபி என்று காட்டும்படி செய்திருப்பார்கள். நிரம்பிய பிறகு போடும் போட்டோக்கள் எல்லாம் காற்றில் போகும்.

விண்டோஸ் 10க்கு என்ன செய்தோம்? மைக்ரோசாப்ட் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டித்தது. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் பதிவு செய்ய வேண்டும்; காசு கட்டாத வழியும் அதில் இருந்தது. அப்படிப் பதிவு செய்தோம். இது தவணை வாங்கியதுதான், தீர்வல்ல.

யுபிஎஸ்ஸிலும் ஓர் எண்

நெய்வேலி பக்கத்தில்தானே, கரண்ட் கட் இருக்காது என்று நினைப்பீர்கள். 2012ல் தமிழ்நாடு முழுவதும் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது, மின்சாரம் தயாரிக்கிற ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களும் இருட்டில்தான் கிடந்தன. சித்தப்பா அதை மறக்காமல் 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் வாங்கி, ‘600 வாட்ஸ்’ என்று நம்பி, டிவியையும் அதிலேயே மாட்டியிருந்தார். விஏ என்பது வாட்ஸ் அல்ல. இந்த அளவு யுபிஎஸ்களில் பெரும்பாலானவை 360 வாட்ஸ் வரைதான் தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, 84 வாட்-அவர். 100 வாட்ஸ் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு, இழப்பெல்லாம் போக, 20 நிமிடம் கிடைத்தால் சரி. கணக்கை சேவ் செய்துவிட்டு ஷட்டவுன் செய்ய அது போதும். டிவியைக் கழற்றினோம்.

பில்லில் என்ன இருந்தது?

கடைக்குப் போய்க் கேட்கலாம் என்று பில்லை எடுக்கச் சொன்னேன். ‘கம்ப்யூட்டர் செட் - 1, ரூ.14,500’. அவ்வளவே. பிராசசர் எண் இல்லை, சீரியல் எண் இல்லை, வாரண்டி எத்தனை மாதம் என்பதும் இல்லை. போய்க் கேட்டபோது கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். “ஐ5ன்னு சொன்னேன், ஐ5 குடுத்தேன் சார்” என்றார். பதில் சொல்ல என்னிடம் காகிதம் இல்லை.

காகிதம் இருந்திருந்தால் வழி உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையிலோ ஆன்லைனிலோ வாங்கியதற்குக் காடாம்புலியூர்க்காரர் கடலூருக்குப் போனால் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து பாருங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

தங்கச்சிக்கு வேறு கம்ப்யூட்டர் தேவை என்று முடிவானது. நேரம்தான் சரியில்லை. 2025 இறுதியில், ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் சிப் கம்பெனிகள் திரும்பியதால் ரேம் விலை எகிறியது. 2011ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது நினைவிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பழைய கம்ப்யூட்டரின் ரேமைக் கழற்றி மாட்டலாமா என்றால், அது டிடிஆர்3. பின்னால் வந்த போர்டுகளில் டிடிஆர்4. வெட்டு இருக்கும் இடமே வேறு, ஸ்லாட்டில் உட்காராது.

கடைசியில் எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு ஒன்றைத் தங்கச்சியே பார்த்து எடுத்தாள். கடையில் மூன்று கீயை அழுத்தி, வந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டாள். ‘ஐ5-8400, 8 ஜிபி டிடிஆர்4 ஒரே ஸ்லாட்டில், 256 ஜிபி எஸ்எஸ்டி, சீரியல் எண் இது, வாரண்டி ஓராண்டு’ என்று பில்லில் எழுதச் சொன்னாள். “ஜிஎஸ்டி பில் போட்டா கொஞ்சம் கூடும்மா” என்றார்கள். சித்தப்பா கூடுதல் பணத்தை எடுத்து வைத்தார். பழைய ஐ5-4570 குடோனில் இருக்கிறது. இன்டர்நெட் இணைப்பு இல்லாமல், இருப்புக் கணக்கு மட்டும் அதில் எழுதுகிறார்.