பரீட்சை பயமும் உடம்பு எடையும்



திருப்புதல் தேர்வு ஆரம்பிச்சா பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டு பேச்சு கேட்கும். "என்ன கண்ணு, இப்படி எளச்சுப் போயிட்டே?" என்பது ஒன்று. "உக்காந்தே இருந்து ஊதிட்டியே!" என்பது இன்னொன்று. பயம் ஒன்றுதான். ஒருவர் இளைக்கிறார், இன்னொருவர் பருக்கிறார். அது எப்படி?

ஏன் இளைக்கிறோம்?

வினாத்தாள் வாங்கும்போது வயித்தைக் கலக்குது என்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. பயம் வந்ததும் அவை அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். இரத்தம் தசைகளுக்குப் பாயும். இரைப்பையின் வேலை மெதுவாகும், பசி அடங்கிவிடும். புலியைக் கண்டால் ஓடுவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. உடம்புக்குப் புலியும் ஒண்ணுதான், கணக்கு வினாத்தாளும் ஒண்ணுதான்! தினமும் இப்படியே போனால் சோறு இறங்காது, எடை குறையும்.

ஏன் பருக்கிறோம்?

கவலை வாரக்கணக்கில் நீண்டால் அதே சுரப்பிகளிலிருந்து கார்டிசால் அதிகம் வரும். இது, "ஓடிக் களைச்சிட்டே, சாப்பிட்டுச் சேர்த்து வை" என்று சொல்லும். நாம் எங்கே ஓடினோம்? பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தோம்! ஆனாலும் இனிப்பு, பிஸ்கட், தட்டுவடை செட் என்று மனசு தேடும். கொழுப்பு முக்கியமாக வயிற்றைச் சுற்றிச் சேரும். இராத்திரி கண்விழித்தால் இன்னும் மோசம். பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறையும்.

யார் இளைப்பார், யார் பருப்பார் என்பது அவரவர் உடல்வாகு, தூக்கம், கைக்கு எட்டும் தீனி இவற்றைப் பொறுத்தது.

கோழிப்பண்ணை சொல்லும் பாடம்

நம்ம நாமக்கல்லில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 100 முதல் 110 கிராம் தீவனம் தின்னும். சித்திரை வெயிலில் கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீவனம் எடுப்பது குறையும். முட்டை சிறுத்து, ஓடும் மெலியும். அப்போது எங்க பெரியப்பா கோழியைத் திட்டி நான் பார்த்ததில்லை. கொட்டகைக் கூரையில் தண்ணீர் தெளிப்பார், குளிர்ந்த நேரத்தில் தீவனம் வைப்பார். கோழிக்குக் கிடைக்கும் இந்த நியாயம் நமக்கும் கிடைக்க வேண்டாமா? எடை மாறினால் 'ஒல்லிக்குச்சி', 'குண்டு' என்று பட்டப்பெயர் வைக்கிறோம். அந்தக் கேலி இன்னொரு கவலையாகி அவர்களை மேலும் வாட்டுகிறது.

என்ன செய்யலாம்?

1. காலைச் சாப்பாட்டை விடாதீங்க. இறங்காவிட்டால் இரண்டு இட்லியாவது, ஒரு முட்டையாவது சாப்பிடுங்க.
2. நம் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.
3. விளையாட்டு பீரியடை விளையாட்டுக்கே விடுங்க. உலக சுகாதார நிறுவனம் நம் வயதினருக்குத் தினம் 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. (கணக்கு ஆசிரியர் கோபிக்க வேண்டாம்!)
4. எடை காரணமில்லாமல் வேகமாக மாறினால் டாக்டரைப் பாருங்க. தைராய்டு, சர்க்கரை, காசநோய் இவற்றாலும் எடை மாறலாம்.
5. பயம் தாங்கலையா? வீட்டில் அல்லது பிடித்த ஆசிரியரிடம் சொல்லுங்க. 2022-ல் தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?
1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி, குளிர், காயம், ஓயாத ஓட்டம் என வெவ்வேறு தொல்லைகளுக்கு எலிகளை ஆளாக்கிப் பார்த்தார். தொல்லை எதுவானாலும் அவற்றின் அட்ரினல் சுரப்பிகள் பெருத்திருந்தன!

மதிப்பெண் முக்கியம்தான் நண்பர்களே. அதை எழுதப்போகும் உடம்பும் முக்கியம். அடுத்த முறை ஒரு நண்பன் இளைத்தோ பருத்தோ தெரிந்தால், கேலி வேண்டாம். "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேளுங்கள்.